போர்க்கில் வைத்த எட்டுப் பொட்டு

போன வாரம் பஸ் கம்பெனிப் பட்டறையிலிருந்து இரண்டு மெக்கானிக்குகள் ஒரு புது மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். முன்சக்கரத்துக்கு இரு பக்கமும் இரண்டு குழாய். குழாய்க்குள் ஸ்பிரிங், ஸ்பிரிங்கைச் சுற்றி எண்ணெய், எல்லாவற்றையும் உள்ளேயே வைத்து அடைத்திருந்தது. "அண்ணாச்சி, வெளிய ஒண்ணுமே தெரியல. இது தேஞ்சு போச்சுன்னு எதை வச்சுக் கண்டுபிடிக்கது?" என்று கேட்டார்கள்.

நான் குனிந்து மேலும் கீழும் தேடினேன். எண்ணெய் விடுகிற குழி ஒன்றுகூடக் கிடையாது. "நல்லவேளை!" என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பழைய கதையைச் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டு, இதை எழுதிக் கொடுங்கள், பட்டறையில் எல்லாரும் படிக்கட்டும் என்றார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் எழுதுகிறேன். என் கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும். அதற்குக் காரணமும் இந்தக் கதைக்குள்தான் இருக்கிறது. நெல்லையப்பர் துணை.

நான் வேலை படித்ததைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாளையங்கோட்டையில் ஒரு கோச்சு வண்டிப் பட்டறை. முதல் இரண்டு வருஷம் துருத்தி மிதித்தேன். அடுத்த இரண்டு வருஷம் அரம் பிடித்தேன். கை காய்த்ததும் ஃபிட்டர் என்று பெயர் வைத்தார்கள். விடியற்காலையில் குறுக்குத்துறையில் ஒரு முழுக்கு, நெற்றி நிறைய விபூதி, அப்புறம்தான் பட்டறைக்குள் கால் வைப்பேன். அந்த ஒழுங்கில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அதையும் இங்கேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் மேஸ்திரி பெயர் ஞானமுத்து. வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். தூத்துக்குடியில் நீராவிப் படகு எஞ்சின் பார்த்துவிட்டு வந்தவர். கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. அதில் ஒரு பொட்டு மசகு பட்டு நான் பார்த்ததில்லை. சத்தம் போட்டுப் பேசமாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தால் கெட்ட செய்தி வரப்போகிறது என்று அர்த்தம்.

பழுது என்று யார் வண்டி கொண்டு வந்தாலும், என்ன கோளாறு என்று மேஸ்திரி கேட்கமாட்டார். "இப்பம் யாரைத் திட்டிக்கிட்டு இருக்கிய?" என்றுதான் கேட்பார்.

முதலில் எனக்கு இது கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. ஒரு தடவை சேரன்மாதேவிப் பக்கத்திலிருந்து ஒரு பண்ணையார் வில்வண்டியில் வந்து இறங்கினார். மேஸ்திரி வழக்கம்போலக் கேட்டார். "மாட்டைத்தான்! வாங்கும்போது நடை பன்னீர் மாதிரி இருந்துச்சு. இப்பம் குலுக்கி எடுக்கு, சவம்" என்றார் பண்ணையார். மேஸ்திரி மாட்டின் பக்கமே போகவில்லை. வண்டிக்கு அடியில் தலையை நீட்டினார். வில்லில் அடுக்கியிருந்த பட்டைகளில் நடுப்பட்டை விரிசல் விட்டிருந்தது. அதற்குள் அந்த மாட்டைச் சந்தைக்கு அனுப்புவதாக இருந்தார் பண்ணையார்.

"ஸ்பிரிங் ஒரே நாள்ல சாகாதுவே" என்றார் மேஸ்திரி அன்றைக்கு என்னிடம். "தினம் ஒரு எள்ளு அளவு சாகும். மேல உக்காந்திருக்கவன் உடம்பும் தினம் ஒரு எள்ளு அளவு பழகிக்கிடும். அதனால அவனுக்கு ஸ்பிரிங் தெரியாது. வேற ஒண்ணைத்தான் திட்டுவான். அவன் எதைத் திட்டுதானோ, அதுக்குப் பக்கத்துல பாரும்."

பெரிய யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் எங்கள் பக்கத்துக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. அது பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் குற்றாலிங்கம் ஐயா சீமையிலிருந்து தருவித்தது. வள்ளியூர், ராதாபுரம், களக்காடு என்று மாதத்தில் இருபது நாள் அவருக்குச் சுற்றுப்பயணம். குதிரையில் போனால் முதல் நாளே ஊருக்குத் தகவல் எட்டி, வாத்தியார்கள் பக்கத்துப் பிள்ளைகளையெல்லாம் கடன் வாங்கி உட்கார வைத்துவிடுகிறார்களாம். மோட்டாரில் போனால் தகவலுக்கு முன்னால் தான் போய்விடலாம் என்பது அவர் கணக்கு. அந்தச் சத்தம் இரண்டு மைலுக்கு முன்னாலேயே கேட்கும் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அந்தக் காலத்து வண்டியில் பின்பக்கம் ஸ்பிரிங் கிடையாது. ஆசனத்துக்கு அடியில் இரண்டு சுருள், முன்பக்கம் ஒரு பெரிய சுருள், அவ்வளவுதான். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையைப் போர்க்கு என்போம். அது நான்கு இரும்பு ஊசிகளில் தொங்கி ஆடும். சக்கரம் கல்லில் ஏறினால் போர்க்கு அந்த ஊசிகளில் திரும்பி மேலே போகும், ஸ்பிரிங் அதைக் கீழே தள்ளும். ஊசிக்கு இரண்டு முனை, முனைக்கு ஒரு எண்ணெய்க் குழி. ஆக எட்டுக் குழி. மிளகு அளவு வாய், சுற்றிலும் சின்னக் கிண்ணம்போல ஒரு பள்ளம்.

வண்டி வந்த அன்றே மேஸ்திரி ஒரு பருத்தி நூலை எடுத்தார். முன்சக்கரத்து அச்சிலிருந்து விளக்குக்குக் கீழே உள்ள மூட்டு வரை பிடித்து, வண்டி சும்மா நிற்கையில் ஒரு முடிச்சு. ஐயாவை ஏறி உட்காரச் சொல்லி இன்னொரு முடிச்சு. அந்த நூலில் ஓலை நறுக்கில் பெயர் எழுதிக் கட்டி ஆணியில் தொங்கவிட்டார். "ஜாதகம் எழுதுதீரோ?" என்று ஐயா சிரித்தார். "பிறந்த அன்னிக்கு எழுதினாத்தானே ஐயா பின்னால பாக்க முடியும்" என்றார் மேஸ்திரி.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. பட்டறையில் பூஜை என் பொறுப்பு. மேஸ்திரி அன்றைக்கு மரியாதையாக ஒரு ஓரமாக நின்று பொரிகடலை வாங்கிக்கொண்டு போவார். எங்கள் காரியத்தில் தலையிடமாட்டார். இன்ஸ்பெக்டர் ஐயா தன் வண்டியையும் பூஜைக்கு அனுப்பியிருந்தார். கழுவித் துடைத்து, நடுவீட்டில் பெண்ணை உட்கார்த்துவதுபோல நிறுத்தினேன். விளக்குக்கு மாலை போட்டேன். சந்தனக் கிண்ணத்தோடு குனிந்தேன். போர்க்கில் எட்டுக் குழிகள் என்னைப் பார்த்தன.

பொட்டு வைப்பதற்கென்றே சீமைக்காரன் அளந்து செய்ததுபோல இருந்தது எனக்கு. எட்டுத் திக்குக்கும் எட்டுக் காவல் தெய்வங்கள். ஐயா எட்டுத் திக்கும் சுற்றுகிறவர். ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஒவ்வொரு பள்ளத்திலும் சந்தனத்தை வைத்து, கட்டைவிரலால் அழுத்தி, மேலே குங்குமம் வைத்தேன். சாதாரணச் சந்தனம் ரோட்டுக் குலுக்கலில் உதிர்ந்துவிடுமே என்று முதல் நாளே யோசித்து, விபூதியும் கொஞ்சம் கருவேலம்பிசினும் சேர்த்துக் குழைத்திருந்தேன். என் பக்தியில் ஒரு வேலைக்காரனின் புத்தியும் கலந்திருக்கிறதே என்று எனக்கே ஒரு நிறைவு.

மறுநாள் ஐயா வந்தார். எட்டுப் பொட்டையும் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

அவருடன் ஒரு புதுச் சேவகன் வந்திருந்தான். பெயர் இசக்கிமுத்து, ராதாபுரத்துக்காரன். எட்டு வருஷம் ஆபீசில் தண்ணீர் சுமந்து, அந்த மாதம்தான் தோளில் குறுக்கே மாட்டுகிற டவாலியும் பித்தளை வில்லையும் கிடைத்திருந்தது. வில்லையை வேட்டி முனையால் துடைத்துத் துடைத்து அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வில்லை கிடைத்த பிறகுதான் பணகுடியில் ஒரு வீட்டில் பெண் கொடுக்கச் சம்மதித்தார்களாம், பங்குனியில் கல்யாணம். இனி வண்டியைத் துடைத்து எண்ணெய் விடுவது அவன் வேலை என்றார் ஐயா. எங்கெங்கே எண்ணெய் விட வேண்டும் என்று அவன் என்னிடம் கேட்டான்.

அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "லேசான வேலைதான்டே. பொட்டு இருக்க எடத்துல எல்லாம் தினம் காலம்பற ரெண்டு சொட்டு விடு. அவ்வளவுதான்."

"பொட்டு அழிஞ்சிறாதா, அண்ணாச்சி?"

"அழியாது. பிசின் போட்டிருக்கு."

ஐப்பசி, கார்த்திகை மழை பெய்தது. மார்கழி நடுவில் ஐயா பட்டறைக்கு வந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது. மேஸ்திரி கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தார். "சங்கரலிங்கம், இந்த நாங்குநேரி ரோட்டைப் போல ஒரு பாவப்பட்ட ரோடு உலகத்துல உண்டாவே? தாலுகா போர்டுக்கு மூணு மனு எழுதிட்டேன்" என்றார். மழை பெய்த ரோடு. வேறு எப்படி இருக்கும்? "ஆமாய்யா, அநியாயம்" என்று நானும் சேர்ந்து திட்டினேன். திட்டுகிறவரைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று மேஸ்திரி சொல்லித் தந்தது என் புத்தியில் வரவே இல்லை. வண்டியைப் பார்த்தேன். பொட்டு எட்டும் வைத்தபடியே இருந்தது. போர்க்கு முழுக்க எண்ணெய் மினுங்கியது. பையன் கருத்தாக வேலை பார்க்கிறான் என்று எண்ணிக்கொண்டேன்.

தை மாதம் ரோடு ஓவர்சியர் எங்கள் பட்டறைக்கே வந்துவிட்டார். "புதுச் சரளை போட்டு, உருளை ஓட்டி, நானே வெறுங்காலோட நடந்து பாத்துட்டேன்வே. இன்னும் மனு வருது. உங்க ஐயாவுக்கு ரோடு மேல என்ன விரோதம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். மேஸ்திரி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆணியிலிருந்து நூலை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து ஐயா வந்தார். ஆசனத்தின் மேல் ஒரு பத்தமடைப் பாயை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.

"இப்பம் யாரைத் திட்டிக்கிட்டு இருக்கிய, ஐயா?" என்றார் மேஸ்திரி.

"ரோட்டைத்தான். வேற யாரை?"

"கையைக் காட்டுங்க."

இன்ஸ்பெக்டரிடம் கையைக் காட்டச் சொல்லுகிற ஆள் அந்த ஜில்லாவிலேயே வேறு யாரும் இருந்திருக்க முடியாது. பிரம்படிக்கு நீட்டுகிற பிள்ளைபோல அவரும் நீட்டிவிட்டார். மணிக்கட்டு இரண்டும் வீங்கியிருந்தன. சுண்டுவிரல் மரத்துப்போய் மூன்று வாரமாம். பேனா பிடித்து எழுதுவதால் என்று நினைத்தாராம்.

அதன் பிறகு மேஸ்திரி செய்ததை வரிசையாகச் சொல்லுகிறேன். இந்த இரண்டு மெக்கானிக்குகள் கேட்டதற்குப் பதில் அதுதான். முதலில் வண்டியை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பக்கவாட்டில் பார்த்தார். முன்பக்கம் தலை குனிந்திருந்தது. பிறகு நூலைப் பிடித்தார். முதல் முடிச்சு நிற்க வேண்டிய இடத்துக்கு ஒரு கட்டைவிரல் கீழே மூட்டு நின்றது. யாரும் ஏறாமலே, ஆள் ஏறின அளவுக்கு வண்டி பதிந்திருந்தது. மூன்றாவதாகக் கைப்பிடியில் தன் முழுப் பாரத்தையும் போட்டு அமுக்கி, சட்டென்று விட்டார். நல்ல ஸ்பிரிங் எழுந்து, ஒரு தரம் தலையாட்டி நிற்கும். களைத்த ஸ்பிரிங் மூன்று நாலு தரம் ஆடும். இது ஆடவும் இல்லை, எழவும் இல்லை. கிறீச்சென்று முனகிவிட்டு அமுக்கின இடத்திலேயே கிடந்தது. நாலாவதாகச் சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு கைப்பிடியை இடமும் வலமும் அசைத்தார். லொடக் என்று ஒரு சத்தம். கடைசியாக டயரைத் தடவினார். ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் மேடு பள்ளம்.

"அசல் ஸ்பிரிங் போச்சா?" என்றார் ஐயா. யுத்தம் வந்துவிட்டதால் சீமையிலிருந்து ஒரு திருகாணிகூட வராத நேரம் அது.

மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிரிச்சுப் பாத்தாத்தான் சொல்ல முடியும். நாலு நாள் வண்டியை இங்கன விடுங்க. இதுல போகக்கூடாது, ஐயா." பிறகு இசக்கிமுத்துவைப் பார்த்து, "எண்ணெய் விடுதியாடே?" என்றார்.

"தினம் விடுதேன், மேஸ்திரி."

"விடுதான் மேஸ்திரி, பாருங்களேன், எப்படி மினுங்குது" என்று சாட்சி சொன்னவன் நான்.

ராதாபுரம் பக்கம் பரீட்சை இருக்கிறது, முடித்துவிட்டு வந்து விடுகிறேன் என்று ஐயா கிளம்பிவிட்டார். மேஸ்திரி கண்ணாடியை மறுபடியும் போட்டுக்கொள்ள வெகு நேரம் ஆயிற்று.

மூன்றாம் நாள் வண்டி எங்களிடம் வந்தது, மாட்டு வண்டியில் படுத்துக்கொண்டு. நாங்குநேரி தாண்டி ஒரு சின்னப் பாலத்துப் பள்ளத்தில் முன்சக்கரம் குடிகாரன்போல இரண்டு பக்கமும் அலைந்து, ஐயாவை ஒரு பனையோலை வேலிக்கு மேலே கொண்டுபோய்ப் போட்டுவிட்டது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. உயிருக்கு ஒன்றும் இல்லை, ஈசன் செயல். விழுந்து கிடந்தபோதுகூட, "இந்தப் பாலத்துக்கு ஒரு மனு எழுதணும்லே" என்றுதான் சொன்னாராம்.

அடுத்த வாரம் ஒரு பிற்பகலில், கையைத் தொட்டில்கட்டிக்கொண்டு ஐயாவே பட்டறைக்கு வந்தார். பின்னால் இசக்கிமுத்து. வண்டியைத் தன் கண் முன்னால் பிரிக்க வேண்டும் என்றார். மேஸ்திரி சட்டைக் கையை ஒரு மடிப்பு மடித்தார்; அவர் அவ்வளவு மடித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. முதல் ஊசியைத் தட்டி எடுத்ததுமே 'டங்' என்று ஒரு சத்தம். ஸ்பிரிங் துள்ளி நிமிர்ந்தது. மேஸ்திரி அதைக் கழற்றி எடுத்து வண்டி வந்த அன்றே நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருந்த உயரத்தோடு பார்த்தார். ஒரு நெல் அளவுகூடக் குறையவில்லை.

"ஸ்பிரிங் களைக்கவே இல்ல, ஐயா" என்றார். "குனிஞ்ச எடத்துலயே ஊசி அதைப் பிடிச்சு வச்சிருக்கு. அது வேலை செய்யவே இல்ல. மூணு மாசமா உங்க மணிக்கட்டுதான் ஸ்பிரிங்கா இருந்திருக்கு."

ஊசிகள் நான்கும் நடுவில் இடுப்புப்போல ஒடுங்கித் தேய்ந்திருந்தன. சூட்டில் நீலம் பாய்ந்து, சுற்றிலும் செம்பொடி. எண்ணெய் என்ற ஒன்றை அவை கண்டதாகவே தெரியவில்லை.

ஐயா ஒரு ஊசியை இடது கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு இசக்கிமுத்துவின் பக்கம் திரும்பினார். "ஏலே, தினம் எண்ணெய் விட்டேன்னு சொன்னியே. இது எண்ணெய் கண்ட இரும்பாலே?"

"சொடலை மேல சத்தியம் ஐயா. ஒரு நாள் விடாம விட்டேன்."

"பொய்க்குச் சத்தியம் வேறயா? எண்ணெயை எங்கன வித்த?"

"விக்கல ஐயா. சாமி சத்தியமா விக்கல."

ஐயா சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். இடது கையால் எழுதியது. எழுத்துகள் பட்டாளம் கலைந்ததுபோல நாலு பக்கமும் போயிருந்தன. மேலிடத்துக்கு ரிப்போர்ட். "இன்னிக்குத் தபால்ல போகுது இது. வில்லையைக் கழத்து."

இசக்கிமுத்து டவாலியின் கொக்கியில் கையை வைத்தான். இழுத்துப் பார்த்தான்; கொக்கி கழலவில்லை. அழவும் இல்லை. கொக்கி கழலாததற்கு மன்னிப்புக் கேட்பவன்போல ஐயாவைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

நான் இந்தப் பக்கம் சீமையெண்ணெய்த் தகரத்தில் போர்க்கின் மூட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். குழியில் அழுக்கு இருக்கும் என்று ஒரு விளக்குமாற்று ஈர்க்கை விட்டுக் குத்தினேன். போகவில்லை. அழுத்திக் குத்தினேன். கடலைப்பருப்பு மாதிரி ஒன்று கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. வெளியே கறுப்பு. நகத்தால் கீறினால் உள்ளே மஞ்சள். மூக்கில் பட்டது சீமையெண்ணெய் வாசம் இல்லை.

எனக்கு எல்லாம் ஒரே விநாடியில் விளங்கிவிட்டது. அவன் சொன்னது சத்தியம். தினம் விட்டான். பொட்டுக்கு மேலே விட்டான். நான் சொன்ன இடத்திலேயே விட்டான். எண்ணெய் உள்ளே இறங்க வழியில்லாமல் வெளியே வழிந்து மினுங்கியது. அதைப் பார்த்துத்தான் நானும் சாட்சி சொன்னேன். எட்டுத் தெய்வங்களுக்கும் மூன்று மாதம் எண்ணெய்க்காப்பு நடந்திருக்கிறது. ஊசிக்கு ஒரு சொட்டுப் போகவில்லை.

கையை மூடிக்கொண்டேன். தகரத்துக்குள் விட்டு ஒரு கலக்குக் கலக்கினால் அழுக்கோடு அழுக்காக அடியில் போய்விடும். யாருக்கும் தெரியாது. உண்மையைச் சொல்லுகிறேன், கை தகரத்துக்கு மேலே போய்விட்டது. மனசுக்குள் நெல்லையப்பரைக் கூப்பிட்டேன். "அப்பனே, இவன் வில்லையும் போகாம, என் பேரும் போகாம ஒரு வழி காட்டும்" என்று கேட்டேன். காத்திருந்தேன். அப்படி ஒரு வழி இருந்தால்தானே அவர் காட்டுவார்?

அப்போது மேஸ்திரி, ஏதோ புது வாடிக்கைக்காரரிடம் கேட்பதுபோல, அமைதியாகக் கேட்டார்: "இப்பம் யாரைத் திட்டிக்கிட்டு இருக்கிய, ஐயா?"

"கண்ணு தெரியலையாவே? இவனைத்தான்!"

மேஸ்திரி என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார். அந்தக் கேள்வியை நான் நூறு தரம் கேட்டிருக்கிறேன். எதைத் திட்டுகிறார்களோ அதுக்குப் பக்கத்தில் பார். இசக்கிமுத்துக்குப் பக்கத்தில் நின்றவன் நான்தான்.

"ஐயா, என்னைத் திட்டுங்க" என்று கையை விரித்தேன்.

ஐயாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அதை எடுத்து முகர்ந்து பார்த்தார். "சந்தனமா?"

"சந்தனம், விபூதி, கருவேலம்பிசின்."

"பிசின் எதுக்குவே?"

"உதிராம இருக்கட்டும்னு, ஐயா."

"உதிரலவே" என்றார் ஐயா. அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடியும், "உதிரவே இல்ல" என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு இருக்கிற இடத்தில் எண்ணெய் விடு என்று சொன்னதையும் மறைக்கவில்லை. மற்ற ஏழு குழிகளையும் அவர் முன்னாலேயே குத்திக் காட்டினேன். ஏழும் வந்தன. ஒரு தாம்பாளத்தில் வரிசையாக வைத்தேன்.

மேஸ்திரி கண்ணாடியைத் துடைத்தார். "எனக்கும் இதுல பங்கு உண்டு, ஐயா. பூசை அன்னிக்கே பாத்தேன். குழி அடைபடுமேன்னு தோணுச்சு. வேதக்காரன் நம்ம பொட்டைக் குறை சொல்லுதானேன்னு இவருக்கு மனசு நொந்துரக் கூடாதுன்னு பேசாம இருந்துட்டேன். அதுக்கப்புறமும் அந்தக் குழியில கை வச்சுப் பாக்கல."

"நான் செருப்பைக் கழத்திட்டுல்லா கும்பிட்டேன்!" என்றார் ஐயா. அவர் முகத்தில் கோபம் நிற்கவும் முடியாமல் போகவும் முடியாமல் தவித்தது. கடைசியில் இசக்கிமுத்துவைப் பார்த்து, "கொக்கியை விடுலே. பிச்சுப் போட்டுராத, சர்க்கார் சொத்து" என்றார். ரிப்போர்ட்டை மடித்து, இடது கையால் முடிந்த மட்டும் கிழித்தார். மீதியை இசக்கிமுத்துவே வாங்கிக் கிழித்தான்.

என் தண்டனை என்ன என்று நான் நின்றுகொண்டே இருந்தேன். முதலாளியிடம் சொல்லிச் சீட்டைக் கிழித்திருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அவர் என்ன இருந்தாலும் பள்ளிக்கூடத்து மனுஷர். "எண்ணெய்க் குழி எண்ணெய்க்கே உரியது. இதை நூறு தரம் எழுதிக்கிட்டு வாரும். கோணல் மாணலா இருந்தா திரும்ப எழுதணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க உட்கார்ந்து எழுதினேன். எனக்கு அப்போது நாற்பதை நெருங்கும் வயசு. "பள்ளிக்கூடத்துக்கு எப்பம் சேந்திய?" என்று என் வீட்டுக்காரி அடுப்பங்கரையிலிருந்து கேட்டாள். ஐயா வாங்கிப் பார்த்துவிட்டு நாற்பது வரி தேறாது என்று திருப்பிக் கொடுத்தார். அதையும் எழுதினேன். என் கையெழுத்து அப்படித்தான் திருந்தியது.

ஒரு பழைய கோச்சு அச்சைக் கடைந்து நான்கு ஊசிகள் செய்தோம். அந்த அசல் ஸ்பிரிங்கையே மறுபடி மாட்டினோம். நூலைப் பிடித்தால் முடிச்சு முடிச்சின் இடத்தில் நின்றது. அமுக்கி விட்டால் ஒரு தரம் தலையாட்டி நின்றது. யுத்தம் முடிகிற வரை அதே ஸ்பிரிங்தான் ஓடிற்று. நாங்குநேரி ரோட்டைப் பற்றி மனு எழுதுவதை ஐயா நிறுத்திவிட்டார். நன்றி சொல்லி ஒரு மனு எழுதினாராம். ஓவர்சியர் அதை நம்பாமல் இன்னொரு வண்டிச் சரளை கொட்டினார்.

வண்டியை எடுத்துப் போக வந்த அன்று இசக்கிமுத்து எண்ணெய்க் குப்பியோடு போர்க்குக்கு முன்னால் குனிந்து வெகு நேரம் நின்றான்.

"என்னடே?"

"பொட்டு இல்லாம எந்த எடத்துல விடுதது, அண்ணாச்சி? வழி தெரியாத மாதிரில்லா இருக்கு."

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். இந்த விஷயத்தில் வழி சொல்லுகிற யோக்கியதை எனக்குப் போய்விட்டது. மேஸ்திரி வெள்ளைப் பெயிண்டும் ஒரு மெல்லிய தூரிகையும் எடுத்து வந்து, மண்டியிட்டு உட்கார்ந்து, குழியைத் தொடாமல் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வட்டம் போட்டார். எட்டு வட்டம். போட்டு முடித்துவிட்டு, "ஒத்துக்கிடுமாவே, உம்ம சாமி?" என்று என்னிடம் கேட்டார். நன்றாகவே ஒத்துக்கொண்டது. இன்றைக்கும் அந்தப் பட்டறை வண்டிகளில் எண்ணெய்க் குழியைச் சுற்றி வெள்ளை வட்டம் பார்க்கலாம். ஆயுத பூஜைக்குப் பொட்டு விளக்கில் மட்டும்தான்.

பங்குனியில் பணகுடியில் இசக்கிமுத்துக்குக் கல்யாணம். இன்ஸ்பெக்டர் ஐயா மோட்டார் சைக்கிளில் வந்தார். மேஸ்திரியும் நானும் மாட்டு வண்டியில் போனோம். மாப்பிள்ளை பட்டு வேட்டிக்கு மேல் டவாலியும் வில்லையுமாக மணையில் உட்கார்ந்திருந்தான். கழற்று என்று பெண் வீட்டார் சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லையாம். பெரியவர்கள் வரிசையாக வந்து ஆசீர்வதித்தார்கள். என் முறை வந்தது. கிண்ணத்திலிருந்து சந்தனத்தை எடுத்து அவன் நெற்றிக்குக் கொண்டுபோனேன்.

மாப்பிள்ளை தலையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டு, பைய, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டான்: "அண்ணாச்சி, பிசின் கலக்கலைல்லா?"